பட்டறையில் இரும்பு அடுக்கும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 அடி நீள ஷெட்டில் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறேன். கம்பிகளையும் பைப்புகளையும் சுவரில் தாங்கி அடித்து அடுக்கலாமா?

பதில்: முதலில் எடையைக் கணக்கிடுங்கள். உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 25 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 3.85 கிலோ, எனவே 6 மீட்டர் நீளத்தில் பத்துக் கம்பிகள் வாங்கினால் 230 கிலோ ஆகிவிடும். ஹாலோ பிளாக் சுவரில் அடித்த ஆணியையோ போல்டையோ நம்பி இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. எல் வடிவ ஆங்கிள் இரும்பால் தரையில் நிற்கும் ஸ்டாண்டு ஒன்றைச் செய்து, அது சாயாமல் இருப்பதற்கு மட்டும் சுவரோடு பிணைத்துக்கொள்ளுங்கள். கனமானவை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். உங்கள் ஷெட்டில் 20 அடிக் கம்பி நுழையாது என்பதால், கடையிலேயே இரண்டாக வெட்டி வாங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று தாங்கிகள் கொடுங்கள். 10 மி.மீ.க்குக் குறைந்த மெல்லிய கம்பிகள் தாங்கிகளுக்கு நடுவே தொய்ந்து வளையும். அவற்றைப் பழைய பி.வி.சி. பைப்புக்குள் செருகி வைப்பது நல்லது. கண் உயரத்தில் வெட்டுமுனை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ். (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு), இ.என். 8, இ.என். 31 (சூடாக்கிக் கடினமாக்கக்கூடிய எஃகு வகைகள்) எல்லாம் கலந்துவிட்டன. எப்படிப் பிரிப்பது?

பதில்: இருப்பு வைப்பதில் இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்றே கருதுகிறேன். இ.என். 8 என்று நம்பி ஒரு பின்னைக் கடைந்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கடினமாகியிருந்தால் அரம் வழுக்கியிருக்க வேண்டும்; வைத்ததும் அது வழுக்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது; அரை நாள் உழைத்து முடித்த பிறகுதான் அது வெறும் எம்.எஸ். என்று தெரிந்தது. கிரைண்டரில் ஒரு முனையை லேசாகத் தொட்டுப் பொறியைக் கவனியுங்கள். எம்.எஸ். நீண்ட கோடுகளாகப் பறக்கும், கோட்டின் நுனியில் வெடிப்புகள் குறைவாகவே இருக்கும். கார்பன் அதிகமுள்ள இ.என். 31இல் பொறிகள் மத்தாப்புப்போல் கிளைகிளையாக வெடிக்கும், இ.என். 8 இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தரம் தெரிந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனை பயன்படும். கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

பிரித்தபின் தரத்துக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்து ஒரு முனையில் மட்டும் பெயின்ட் அடியுங்கள். வெட்டுவது எப்போதும் மறுமுனையிலிருந்தே நடக்கட்டும். நிறங்களின் பட்டியலை ஸ்டாண்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எந்தச் சோதனையிலும் தரம் தெளியாத கம்பியை, உடைந்தால் ஆபத்து விளைவிக்கும் வேலைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறேன். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசியும் பிரைட் பாரில் (பளபளப்பான மேற்பரப்புள்ள இரும்புக் கம்பி) துரு ஏறுகிறது. ஏன்?

பதில்: ஓடித் தீர்ந்த இன்ஜின் ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், அது பாதுகாப்பு ஆகாது. கம்பியைத் துடைத்துக் காயவைத்து, புதிய எண்ணெயையோ துருத் தடுப்பு எண்ணெயையோ மெல்லியதாகப் பூசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் புட்டி அதே அறையில் இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்; மூடியிருந்தாலும் கசியும் அதன் ஆவி, இரவோடு இரவாக இரும்பைச் சிவக்க வைத்துவிடும். சிமென்ட் தரையில் நேரடியாகக் கிடத்துவதையும், ஈரத்தோடு பாலிதீன் உறையால் இறுகச் சுற்றுவதையும் தவிர்க்க வேண்டும். வியர்வை பட்ட விரல்ரேகைகூடப் பளபளப்பான கம்பியில் மறுநாள் பழுப்புக் கோடுகளாகத் தெரியும். தொட்ட இடத்தை எண்ணெய்த் துணியால் ஒரு முறை இழுத்துவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்புகள் வேறு வகை. ஈரத்தோடு நெருக்கமாக அடுக்கினால் காற்று படாத இடங்களில் வெள்ளைத் துரு பூக்கும். இடையில் ரீப்பர் கட்டை வைத்து, சற்றுச் சரிவாக அடுக்கினால் போதும்.

கேள்வி: எவர்சில்வர் கம்பியையும் எம்.எஸ்.ஸையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எம்.எஸ். துகள்கள் அதன்மேல் ஒட்டி, பிறகு துருப்புள்ளிகளாகத் தெரியும். தட்டில் மரப்பலகை போட்டு, கம்பி பிரஷ்ஷையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துண்டுகளை எந்த அளவு வரை வைத்துக்கொள்வது?

பதில்: உங்கள் லேத் சக்கில் பிடித்த பிறகும் கடைய நீளம் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். பித்தளையையும் செம்பையும் மட்டும் இரும்போடு கலக்காமல் தனித்தனி டப்பாவில் சேருங்கள். பிரித்துக் கொடுத்தால்தான் உரிய விலை கிடைக்கும்.