வாசகர் கேள்வி – பதில்: நிறுவனர் பொறுப்பை ஒப்படைக்கும்போது

கேள்வி: ஃப்ரெஷ்வொர்க்ஸின் கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு என்று அடுத்தடுத்து இருவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார்கள். நிறுவனம் வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், அதை உருவாக்கியவரே ஏன் விலக வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. 2010இல் சென்னையில் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதன்பின் காலாண்டுதோறும் வருவாய்க் கணிப்பை அறிவிப்பது, பங்குச் சந்தை ஆய்வாளர்களின் கேள்விகளுக்கு விடையளிப்பது, பெருநிறுவனங்களுக்கு விற்கும் குழுக்களை நடத்துவது ஆகியவையே தலைமைச் செயல் அதிகாரியின் நாளை விழுங்கிவிடுகின்றன. மென்பொருளை யோசித்து உருவாக்கி, முதல் வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்தவருக்கு இந்த வேலையிலும் நாட்டம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 2024 மே மாதம் கிரிஷிடமிருந்து பொறுப்பேற்ற டென்னிஸ் வுட்சைட், 2022 செப்டம்பரிலேயே பிரசிடென்ட் பதவியில் உள்ளே வந்துவிட்டவர் என்பதைத்தான் இதில் முக்கியமாகக் கருதுகிறேன்.

வேம்புவின் நிலை வேறு. ஜோஹோ வெளி முதலீடு வாங்கவில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை. ஆகவே அவரை வெளியிலிருந்து நெருக்க யாரும் இல்லை. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் இணை நிறுவனர் சைலேஷ் குமார் டேவியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பணிக்குச் சென்றார். தனக்குப் பிடித்த வேலைக்குத் திரும்புவதைத் தோல்வி என்று சொல்வது நியாயமாகாது.

கவலைப்பட வேண்டியது, விலகிய பிறகு நடப்பதைப் பற்றித்தான். இன்ஃபோசிஸில் அதன் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2013இல் நிர்வாகத் தலைவராகத் திரும்பினார். மறு ஆண்டு, நிறுவனர் அல்லாத முதல் தலைமைச் செயல் அதிகாரியாக விஷால் சிக்கா வந்தார். 2017 ஆகஸ்டில் சிக்கா பதவி விலகியபோது, மூர்த்தியின் தொடர் விமர்சனமே அதற்குக் காரணம் என்று இயக்குநர் குழு வெளிப்படையாக அறிக்கை விட்டது. மூர்த்தி அதை மறுத்தார். நிர்வாக நெறி குறித்து அவர் எழுப்பிய கேள்விகள் எவ்வளவு நியாயமானவையாக இருந்தாலும், நிறுவனர் வெளியே நின்று பேசும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே இருப்பவரின் அதிகாரத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய எங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு, வெளியிலிருந்து ஒரு தலைமைச் செயல் அதிகாரியை நியமிக்கும்படி முதலீட்டாளர்கள் வற்புறுத்துகிறார்கள். சம்மதிக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுத்த எடுப்பிலேயே அந்தப் பதவியைக் கொடுக்க வேண்டாம். விற்பனையையும் நிதியையும் முதலில் ஒப்படைத்து, ஓராண்டாவது உடனிருந்து பாருங்கள். ஆள் எடுப்பது, விலை வைப்பது, புதிய மென்பொருளுக்குச் செலவிடுவது ஆகியவற்றில் இறுதி முடிவு யாருடையது என்பதையும், இயக்குநர் குழுவில் உங்கள் இடம் என்ன என்பதையும், பதவி மாறுவதற்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. கூட்டத்தில் புதியவர் ஒரு முடிவை அறிவிப்பார்; பத்து நிமிடத்தில் பழைய ஊழியர் ஒருவர் உங்கள் அறைக் கதவைத் தட்டி, “சார், நீங்க என்ன சொல்றீங்க?” என்பார். உங்களுக்கும் அந்த முடிவு பிடிக்காமல் இருக்கலாம். அப்போதும் அவரைப் புதியவரிடமே அனுப்பிவைக்க உங்களால் முடியுமென்றால் சம்மதியுங்கள். முடியாதென்று தோன்றினால், இன்னும் சில காலம் நீங்களே நடத்துவதாக முதலீட்டாளர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.