தாத்தாவின் ஸ்டீரியோஸ்கோப்பில் தேங்காயெண்ணெய் பூசலாமா?

கேள்வி: தக்கலையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டு மச்சில், அயனிப் பலகைப் பெட்டிக்குள் தாத்தாவின் மர ஸ்டீரியோஸ்கோப்பும் (அட்டையில் அருகருகே உள்ள இரு படங்களை லென்ஸ் வழியே ஒன்றுசேர்த்து ஆழத்தோடு காட்டும் கருவி) நாற்பது பட அட்டைகளும் கிடைத்தன. அட்டைகள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. லென்ஸ் வழியே பார்த்தால் இரண்டு படமும் ஒன்றுசேரவில்லை, கண் வலிக்கிறது. அட்டை வைக்கும் சட்டம் நகரவே மாட்டேன் என்கிறது. தேங்காயெண்ணெய் பூசி இரண்டு நாள் வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? இதிலிருந்து தொடங்கி இன்னும் சேர்க்கவும் ஆசை.

பதில்: எண்ணெய் வேண்டாம், வெயிலும் வேண்டாம். தேங்காயெண்ணெய் மரத்தில் ஊறிக் காறிப்போகும், தூசியைப் பிடித்து வைக்கும், அடுத்த மழைக்கு அதன் மேலேயே பூசணம் வரும். நேர் வெயிலில் மூட்டுகள் விடும், மெல்லிய மேல்தகடு உரியும், அட்டையிலுள்ள படம் வெளிறும்.

கைப்பிடியும், கண்ணைச் சுற்றி வெளிச்சத்தை மறைக்கும் முகமூடியும், நீளச் சட்டத்தில் நகரும் அட்டைதாங்கியும் உள்ளதென்றால், உங்களிடம் இருப்பது ஹோம்ஸ் வகை. அமெரிக்கர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1861-இல் வடிவமைத்தார், காப்புரிமை வாங்கவில்லை. அதனால் எத்தனையோ பட்டறைகள் இதைச் செய்தன. பெயர் பொறிக்கவில்லை என்பதற்காகப் போலி என்று நினைக்க வேண்டாம்.

படம் சேராததற்குத்தான் முதலில் காரணம் தேட வேண்டும். அட்டையிலுள்ள இரு படங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 7.5 செ.மீ. அளவு இருக்கும், நம் கண்களுக்கு இடையே 6.3 செ.மீ. தான். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டவே லென்ஸை ஆப்பு வடிவில் வெட்டியிருப்பார்கள். தடித்த ஓரம் வெளிப்பக்கம், மெலிந்த ஓரம் மூக்குப் பக்கம். யாரோ துடைக்கக் கழற்றி இடம் மாற்றிப் போட்டிருந்தால் படம் இரண்டாகவே நிற்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். பிடித்திருக்கும் சிறு ஆணிகளை மெதுவாகத் தளர்த்தி லென்ஸை எடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்தாலே தடிமன் தெரிந்துவிடும். எடுத்ததும் ‘இடது’, ‘வலது’ என்று எழுதிய இரண்டு காகித உறைகளில் தனித்தனியே போடுங்கள்.

இன்னொரு சோதனை: எதிர்ச் சுவரில் சன்னலின் பிம்பம் தெளிவாக விழும்வரை லென்ஸை முன்பின் நகர்த்தி, சுவரிலிருந்து லென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இந்த வகையில் அது பெரும்பாலும் 20 செ.மீ. அக்கம்பக்கம் வரும். இரண்டு லென்ஸுக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும். ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஒன்று பிற்பாடு போட்டது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு சரிசெய்தாலும் கண் ஒப்பாது.

துடைக்க, ஊதுபந்தால் தூசியை ஊதிய பிறகு, வாலை வடிநீரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். நனைக்க வேண்டியது பஞ்சை, லென்ஸை அல்ல. லென்ஸ் மரத்தில் பொருந்தியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்: பழைய பாலிஷ் அவலரக்கு (ஷெல்லாக்), அது ஆல்கஹாலில் கரைந்து வெள்ளைத் திட்டாகிவிடும். சிலந்தி நூல்போல ஓடும் பூஞ்சைக் கோடு துடைத்தும் போகவில்லை என்றால் கண்ணாடியையே அரித்துவிட்டது. அப்படியே விடுங்கள், பார்வைக்குப் பெரிதாக இடையூறு இராது.

சட்டம் இறுகியிருப்பது ஈரத்தில் மரம் உப்பியதால். இழைப்புளியோ உப்புத்தாளோ கையில் எடுக்காதீர்கள். இப்போது இழைத்துவிட்டால் பங்குனிச் சூட்டில் சட்டம் கடகடவென ஆடும். காற்றோட்டமான அறையில் பத்து நாள் நிழலில் காயவிட்டு, உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். கைப்பிடித் திருகு பிடிக்காவிட்டால் ஓட்டையில் மூங்கில் சிம்பு ஒன்றை வச்சிரப் பசையோடு செருகுங்கள். வச்சிரம் வெந்நீரில் இளகும். பிறகு வேண்டுமானால் பிரிக்கலாம். முகமூடி அலுமினியமாக இருந்தால் பித்தளை மினுக்கும் பொடி ஆகாது, சித்திர வேலை தேய்ந்துபோகும்.

மரத்தில் 1–2 மி.மீ. வட்டத் துளையும் அதன் கீழே புதுப் பொடியும் கண்டால் உளு உயிரோடிருக்கிறது. லென்ஸைக் கழற்றி, பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் குளிர்ந்த மரத்தில் நீர் வியர்க்கும்.

பூத்த அட்டைகளை உடனே துடைத்தால் பூசணம் படத்துக்குள் தேய்ந்து இறங்கும். மின்விசிறி நேரே படாத நிழலில் முதலில் உலர்த்துங்கள். பொடியானதும் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டுங்கள். ஈரத்துணி படவே கூடாது. ஜெலட்டின் படமென்றால் ஊறி ஒட்டிக்கொள்ளும். வளைந்த அட்டையைக் கனம் வைத்து நிமிர்த்தவும் வேண்டாம். 1880 வாக்கிலிருந்து வேண்டுமென்றே வளைத்துச் செய்தார்கள். நிமிர்த்தினால் படத்தின் மேற்பரப்பு வெடிக்கும்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று, கரையோரத்தில் உப்புக்காற்று வேறு. ஆகவே பொருள் வாங்கும் பணத்தில் முதல் பங்கு பெட்டிக்குப் போகட்டும். ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் காற்றுப்புகாப் பெட்டி, அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானி ஒன்று. ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். சோடா மூடியில் நம் புத்தளம் கல்லுப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் சேறாக்கி, ஈரமானியோடு ஜிப் பையில் 12 மணி நேரம் அடைத்து வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். பெட்டிக்குள் 40 முதல் 50 சதவீதம் சரி. 30-க்குக் கீழே போனால் அட்டை சுருளும், மரம் பிளக்கும். முதல் வாரம் மரமே ஈரத்தைக் கக்கும். ஜெல் பச்சையானதும் மாற்றுங்கள். பச்சையானதை 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். அட்டைகளைப் பாலிப்ரோப்பிலீன் உறையில் இட்டு, நீள விளிம்பில் நிற்க வையுங்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் அமிலம் விட்டுப் படத்தைக் கெடுக்கும்.

மேலும் சேர்ப்பதென்றால் கருவியை விட அட்டையைத் தேடுங்கள். வழக்கமான அளவு 3.5 × 7 அங்குலம். 10 மடங்கு உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப்படம், நிழற்படமல்ல. விலை குறைய வேண்டும். ஒரே படத்தை இரண்டு முறை ஒட்டியதும் உண்டு. முன்னால் ஒரு தென்னை, பின்னால் ஒரு கோபுரம் என்றால், வலதுபடத்தில் இருப்பதைவிட இடதுபடத்தில் தென்னை கோபுரத்துக்குச் சற்று வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் ஆழம் தெரியாது. இடது, வலது படங்களை இடம் மாற்றி ஒட்டியிருந்தால் தூரத்திலிருப்பது கிட்டே வரும். நட்சத்திரத் தலைத் திருகு கண்ணில் பட்டால் கருவி புதிது, அல்லது பின்னால் பழுதுபார்த்தது. லென்ஸ் இருபக்கமும் சமத் தடிமனாக இருக்கும் பளபளப்பான ‘புராதன’ பித்தளைக் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். அது அலங்காரப் பொருள், அட்டை அதில் சேராது.

இந்திய அட்டைகளில் அமெரிக்க அண்டர்வுட் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ரிக்கல்ட்டன் எடுத்த 100 அட்டைத் தொகுதி தேடத் தகுந்தது. உங்கள் நாற்பதில் அதன் அட்டைகள் உண்டா என்று முதலில் பாருங்கள். பட்டியல் எண்ணை அட்டையின் பின்புறம் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். தாத்தா ஏற்கெனவே ஏதும் எழுதியிருந்தால் அதை அழிக்காமல், படத்தோடு சேர்த்து அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவையுங்கள்.