பங்கு வீட்டு வளவும் மூன்று சென்ட் மனையும்

கேள்வி: எனக்கு 32 வயது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 37,000 வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 15,000 வாங்குகிறார். மூன்று வயதில் ஒரு மகள். வாடகை 8,500. எல்லாச் செலவும் போக மாதம் 12,000 மிச்சம் பிடிக்கிறோம். வங்கியில் 7 லட்சம், வீட்டில் 22 பவுன் நகை இருக்கிறது. கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டில் பதினாலில் ஒரு பங்கு, அப்பச்சி (அப்பா) தவறிய பிறகு என் பெயருக்கு வந்திருக்கிறது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும். ஊருக்குள் 5 சென்ட், கிழக்குப் பார்த்த மனை, 1,500 சதுர அடி, திண்ணை, நடுவில் முற்றம், ஆத்தங்குடிக் கல், பழைய தேக்கு வாசல்நிலை, கார் நிறுத்த இடம். வங்கியில் 30 லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் பட்ஜெட் 40 லட்சம். ஊருக்குள் சென்ட் 6 லட்சம், ஊரை ஒட்டிய மனைப்பிரிவுகளில் 3 லட்சம் சொல்கிறார்கள். கிழக்குப் பார்த்ததென்றால் சென்ட்டுக்கு 25,000 கூட. கிழக்குதான் வேண்டும் என்று ஆத்தா உறுதியாக இருக்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் உங்கள் ஆசையை அப்படியே ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். மனை 5 சென்ட், 30 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.70 லட்சம். வீடு 1,500 சதுர அடி. சதுர அடிக்கு 2,300 என்று சுமாராக வைத்தாலும் 34.50 லட்சம். போர்வெல், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டுச் சுவர், கரண்ட் இணைப்பு, வரைபட அனுமதி என்று 4 லட்சம். மொத்தம் 71.20 லட்சம். இதில் ஆத்தங்குடிக் கல்லும் இல்லை, தேக்கு நிலையும் இல்லை. நீங்கள் சொல்லும் 40-க்கும் இதற்கும் நடுவே 31 லட்சம் பள்ளம்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. முதல் வீடு வாங்க வருகிற பலர் என் மேசையில் இப்படித்தான் ஒரு பட்டியலை வைக்கிறார்கள். மதுரைக்காரர் என்றால் மாமனார் வீட்டை அளவுகோலாக வைத்திருப்பார். உங்கள் கண்ணுக்குள் இருப்பது கானாடுகாத்தான் வீடு. அந்த வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஓடி விளையாடிவிட்டு 750 சதுர அடி வீட்டைப் பார்த்தால் அது வீடாகவே தெரியாதுதான். ஆனால் அந்தச் செட்டிநாட்டு வீடுகள் மாதச் சம்பளத்தில் எழுந்தவை அல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த, காசு அது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் பர்மா வரவு நின்றுபோனது. வீடு மட்டும் மிஞ்சியது. கல்யாணத்துக்கு ஊரையே உட்கார வைத்துச் சோறு போடுவதற்காகத் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளமாகக் கட்டினார்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியவர்கள் வருடா வருடம் ஐந்தொகை எடுத்து, என்ன இருக்கிறது, என்ன கொடுக்க வேண்டும் என்று பார்த்த பிறகே அடுத்த செலவுக்குக் கை நீட்டியவர்கள். நீங்கள் முற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தொகையை விட்டுவிட்டீர்கள்.

சரி, உங்கள் ஐந்தொகையை இப்போது எடுப்போம்.

வங்கி 30 லட்சம் தரும் என்பது உண்மையாக இருக்கலாம். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 26,035 ரூபாய். இரண்டு சம்பளத்தில் சரிபாதி. மனைவி ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமல் போனால்? அடுத்த வருடம் மகளுக்கு எல்.கே.ஜி. கட்டணம்? வங்கிக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் சம்பளச் சீட்டு மட்டும்தான் தெரியும். எவ்வளவு தருவார்கள் என்பதும் எவ்வளவு கட்ட முடியும் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கட்ட முடிவது எவ்வளவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடகை 8,500, சேமிப்பு 12,000, ஆக 20,500. சொந்த வீட்டுக்குப் போனால் வாடகை நிற்கும், ஆனால் வீட்டு வரியும் பழுதும் வரும். 3,000 ஒதுக்கினால் 17,500 மிஞ்சும். 20 லட்சம் கடனுக்கு அதே வட்டியில், அதே காலத்துக்குத் தவணை 17,356. ஆகவே உங்கள் கடன் 20 லட்சம். 30 இல்லை, 25-ம் இல்லை. இந்தத் தொகையை முதலில் எழுதிவிட்டு அதற்குக் கீழே வீட்டை வரையுங்கள்.

ஊரை ஒட்டிய மனைப்பிரிவில் 3 சென்ட், அதாவது 1,307 சதுர அடி, நீங்கள் சொன்ன விலையில் 9 லட்சம். இதை மனைவி பெயரில் வாங்குங்கள். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 81,000 கட்டுவதற்குப் பதில் 72,000 கட்டுவீர்கள். வீடு 750 சதுர அடி: இரண்டு அறை, ஹால், அடுப்படி, முன்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணை. 17.25 லட்சம். போர்வெல், தொட்டி, சுவர் வகையறா 3 லட்சம். கூட்டினால் 30 லட்சத்துக்கு 3,000 குறைகிறது.

கையில் இருப்பது 7 லட்சம், கடன் 20. அதனால் இப்போது வேண்டாம், ஒன்றரை வருடம் பொறுங்கள். மாதம் 12,000 வீதம் 18 மாதத்தில் 2.16 லட்சம். வட்டியும் சேர்ந்தால் மொத்தம் 9.75 லட்சம் வாக்கில் வந்துவிடும். அதில் மனையும் பத்திரச் செலவும் கடன் இல்லாமல் முடியும். அப்புறம் கடன் முழுவதும் கட்டுமானத்துக்கு. பொறுக்கும் நேரத்தில் மனை விலை ஏறிவிடாதா என்பீர்கள். ஏறலாம், சென்ட்டுக்கு 30,000 ஏறினாலும் உங்களுக்கு மனை விலையில் 90,000-தான் கூடும். அகலக்கால் வைத்து ஒரு வருடம் தவணை தவறினால் வரும் சேதத்துக்கு முன்னால் அது சிறிது.

வங்கியில் போய் உட்காரும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: கடன் அளவுக்கு மனை விலையையும் சேர்த்துப் பார்ப்பீர்களா, கட்டுமான மதிப்பீட்டை மட்டும் பார்ப்பீர்களா? 30 லட்சம் வரையுள்ள கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் எந்த மதிப்பில் 90 என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் வழக்கப்படி எடுக்கும். கட்டுமானத்தை மட்டும் எடுத்தால் 20 என்பது 18 ஆகிவிடும். இன்னொன்று, கடன் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், வாசல் ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். கட்டி முடியும் வரை வாடகையும் கொடுத்து, வாங்கிய தொகைக்கு வட்டியும் கட்ட வேண்டும். சராசரியாக 10 லட்சம் நிலுவை இருந்தால் மாதம் 7,000-க்கு மேல் வட்டி. பத்து மாதத்தில் 70,000. இதை எந்த மேஸ்திரியும் உங்கள் மதிப்பீட்டில் எழுத மாட்டார்.

இந்த இடைவெளிக்கும், ஆபத்துக்கென்று ஒன்றரை லட்சம் ஒதுக்கி வைக்கவும் பணம் வேண்டும். அதற்கு நகை. இங்கே நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை: அடகு வைக்காதீர்கள், வைக்கும் அளவுக்கு வந்தால் விற்றுவிடுங்கள். அடகு வைத்தால் வீட்டுத் தவணையோடு நகை வட்டியும் சேர்ந்து ஓடும். 17,500-க்குள் இரண்டும் அடங்காது. போடாமல் பீரோவில் கிடக்கும் மூன்று, நான்கு பவுன் போதும். ஆனால் அது உங்கள் மனைவியின் நகை. முடிவை அவர் சொல்லட்டும்.

இனி பட்டியலில் இருக்கும் மற்றவை. இந்தத் தேக்கு நிலை விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் வீடு கட்டியபோது முனீஸ்வரன் கோவில் தெருவில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒரு நிலையைப் பிடித்தேன். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கொடி, பர்மாத் தேக்கு. விலையை அடித்துப் பேசிவிட்ட பெருமையில் அளவெடுக்க மறந்துவிட்டேன். நிலையின் கனம் ஓர் அடியை நெருங்கியது, என் சுவர் ஒன்பது அங்குலம். லிண்டலும் ஏற்கெனவே போட்டாயிற்று. கொத்தனார் நிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சுவரை உடைப்பமா, நிலையை அறுப்பமா?" என்றார். சுவரை உடைத்தோம். உடைத்த கூலி, மறுபடி கான்கிரீட், வெளியே துருத்தி நிற்கும் மரத்துக்கு ஒரு சின்னக் கூரை என்று போனது, நிலைக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி. உங்களுக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் வரைபடம் போடுவதற்கு முன்னால் வாங்கி, அதன் அளவைக் கையில் வைத்துக்கொண்டு வரையச் சொல்லுங்கள். வீடு எழுந்த பிறகு தேடினால் நான் பட்ட பாடுதான்.

ஆத்தங்குடிக் கல்லை முழு வீட்டுக்கும் போட வேண்டாம், ஹாலில் மட்டும் போடுங்கள். கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்யும் கல் அது. சூளையில் சுடுவதில்லை. அதனால் பாவுவதற்குப் பழகின ஆள் வேண்டும். எல்லோரும் கல் விலையை மட்டும் விசாரித்துவிட்டு, பாவும் கூலியைக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். மற்ற அறைகளுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண டைல்ஸ் போதும். அடுத்த தீபாவளிக்கோ பத்து வருடம் கழித்தோ மாற்றலாம்.

முற்றம் வேண்டாம். 3 சென்ட்டில் எட்டுக்கு ஆறு அடி முற்றம் வைத்தால் ஒரு படுக்கையறையின் பாதி போய்விடும். திருட்டுக்குப் பயந்து மேலே கம்பி போடுவீர்கள். இரண்டாவது ஐப்பசி மழையில் பைபர் ஷீட் போட்டு மூடுவீர்கள். எனக்குத் தெரிந்து இப்படி மூடிய முற்றங்கள் நான்கு. காருக்கு இடமும் கேட்டிருக்கிறீர்கள். கார் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

கானாடுகாத்தான் பங்கை நம்பி எதையும் தொடங்காதீர்கள். பிரிபடாத பதினாலில் ஒரு பங்கை ஈடாக வைத்துக்கொண்டு வங்கி கடன் தராது. பங்காளிகளில் யாராவது எடுத்துக்கொள்கிறேன் என்றால் எழுதிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். ஆனால் பதினாலு புள்ளியும் (பங்குக் குடும்பங்களும்) ஒரு நாளில் கூடி உட்காருவதே பெரிய காரியம். வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் வருடா வருடம் உங்கள் பங்குக்குப் பணம் போகிறதல்லவா, அதையும் மாதச் செலவில் எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

இந்தப் பங்கால் இன்னொரு சிக்கலும் உண்டு. நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 35 லட்சத்துக்குள் மதிப்புள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரையுள்ள கடனுக்கு வட்டி மானியம் தருகிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வழங்கும் கடனுக்கு இது. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையில் கடன் கணக்கில் சேரும். உங்கள் இருவருக்கும் கைக்கு வருவது ஆண்டுக்கு 6.24 லட்சம், பொருந்துகிறது. ஆனால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு (நிரந்தரமாக உறுதியாகக் கட்டிய வீடு) இருக்கக் கூடாது. பூட்டிக் கிடந்தாலும் கானாடுகாத்தான் வீடு பக்கா வீடுதான். பங்கு உங்கள் பெயருக்கு வந்துவிட்ட நிலையில் இது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை வங்கியில் எழுத்தில் கேளுங்கள். "எனக்கு வீடே இல்லை" என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தவிக்காதீர்கள். வந்தால் வரட்டும், பட்ஜெட்டில் இந்த 1.80-ஐச் சேர்க்காதீர்கள்.

வரி மிச்சமாகும் என்று யாராவது சொல்லிக் கடனைப் பெரிதாக்கச் சொன்னால் காதில் போடாதீர்கள். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு அதில் வரியும் வராது.

மனை வாங்கும்போது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், அங்கீகாரம் இல்லாமல் விற்ற பழைய மனையென்றால் 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் பதிவானதா, வரன்முறை ஆணை இருக்கிறதா, முப்பது வருட வில்லங்கம், தாய்ப் பத்திரம், பட்டா, இவ்வளவையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் செலவில் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக ஆத்தாவின் கிழக்கு. நீங்கள் எழுதிய விலைப்படி 3 சென்ட்டுக்கு 75,000 கூட. பத்திரச் செலவோடு 81,000. அதே பிரிவில் வடக்குப் பார்த்த மனை இருந்தால் விலையைக் கேளுங்கள். தலைவாசலை மனைக்குள் கிழக்குப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், தெரு எந்தப் பக்கம் இருந்தாலும். ஆத்தா அதற்கும் சம்மதிக்காவிட்டால் அந்த 81,000-க்காக இன்னும் ஏழு மாதம் சேமிக்க வேண்டும் என்று அவர்களிடமே சொல்லுங்கள். ஏழு மாதம் பொறுக்கலாம் என்று அவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம்.