சின்ன சமையலறை அலமாரியில் இடைத்தட்டு: எதற்கு, எப்படிச் செய்வது?

இடைத்தட்டு என்பது அலமாரியின் தட்டு மேலேயே வைக்கும், இரண்டு பக்கமும் கால் உள்ள பலகை. சுவரில் துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்கும் சரிவரும்.

சின்ன அலமாரியில் பெரும்பாலும் வீணாவது உயரம்தான். தட்டுகளுக்கு நடுவே 35 செ.மீ. இருக்கும், உள்ளே 12 செ.மீ. டப்பா நிற்கும், மிச்சம் வெறும் காற்று. ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில் செய்யும் வேலையை இங்கே இடைத்தட்டு செய்கிறது.

12 மி.மீ. பிளைவுட் போதும். அகலத்தைக் கதவுக் கீல் துருத்தும் இடத்தில் அளந்து, 5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் செய்த பலகை உள்ளேயே போகாது. கால் உயரம், கீழே நிற்கும் டப்பாவைவிட 4 செ.மீ. கூடுதலாக, கை நுழையும்படி. ஆழம் அலமாரியில் பாதி இருந்தால் முன்னால் உயரமான பாட்டில்களும் நிற்கும்.

திருகுக்கு முன் 2 மி.மீ. துளை கட்டாயம். பிளைவுட் விளிம்பில் நேராகத் திருகினால் அடுக்குகள் பிளந்துவிடும். 60 செ.மீ.க்கு மேல் நீளமென்றால் நடுவில் இன்னொரு கால் கொடுங்கள். நீளம் இரட்டித்தால், நடுவில் அதே எடை வைத்தாலும் தொய்வு எட்டு மடங்காகும். வெட்டிய விளிம்புகளில் வார்னிஷ் அடியுங்கள், ஈரம் அங்கேதான் புகும்.

தட்டு கூடக் கூட இடமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றும் பலகைக்கும் கை நுழையவுமாக 5 செ.மீ.க்கு மேல் விழுங்கும். ஓர் அடுக்கில் இரண்டாவது இடைத்தட்டு பெரும்பாலும் நட்டம்தான்.