நூறு வயது மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மீனின் தலைக்குள், மூளையை ஒட்டி, சுண்ணாம்புப் பொருளாலான சிறு கற்கள் உண்டு. பெயர் செவிக்கல். மீன் வாழும் வரை அதன் மேல் படலம் படிந்துகொண்டே போகும். வளர்ச்சி வேகமான பருவத்தில் அகலமாகவும் மந்தமான பருவத்தில் குறுகலாகவும் படிவதால், இரண்டும் சேர்ந்த ஒரு ஜோடி ஓராண்டு.

காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணை நினையுங்கள். இழைத்த பக்கவாட்டில் வயது தெரியாது. அறுத்த முனையில்தான் வளையங்களை எண்ண முடியும். செவிக்கல்லும் அப்படியே. கிழ மீனில் அது அகலமாகாமல் தடித்துக்கொண்டே போகும்; மேலோட்டமாக எண்ணினால் பல பத்தாண்டுகள் விடுபடும். அதனால் பிசினில் பதித்து, நடுக்கரு (கல் உருவாகத் தொடங்கிய மையம்) வழியாக வைர ரம்பத்தால் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். கரு தப்பினால் இளமைக்கால வளையங்கள் போய்விடும். வட பசிபிக் பாறைமீன் ஒன்றுக்கு 200 வயதுக்கு மேல் கணக்கானது செவிக்கல்லின் உள் வளையங்களை எண்ணித்தான்.

செதிலிலும் வளையம் உண்டு. ஆனால் முதுமையில் விளிம்பில் நெருங்கிவிடும். உதிர்ந்து முளைத்த செதிலில் பழைய கணக்கே இருக்காது.

எல்லா வளையமும் ஓராண்டு என்பது தவறு: நம் கண்மாய் மீனில் நீர் வற்றுவதாலோ முட்டையிடுவதாலோ கூடுதல் வளையம் விழலாம்.