விரலைக் குத்துவது எத்தனை முறை?

கேள்வி: எனக்கு வயது 56. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்க்கிறேன்; 120க்கும் 130க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.1 சதவீதம் என்று வந்ததால், மருத்துவர் கிளிமெபிரைடு மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். இனி நாள்தோறும் நான்கு முறை பார்க்க வேண்டும் என்கிறாள் மகள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும் என் அண்ணனோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை லேபில் பார்த்தால் போதும் என்கிறார். இப்போதே விரல் நுனியெல்லாம் வலிக்கிறது. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வது அவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான். மெட்ஃபார்மினை மட்டும் எடுத்துக்கொண்டு, எச்பிஏ1சி அளவும் கட்டுக்குள் இருப்பவர் தினமும் விரலைக் குத்திப் பார்ப்பதால் பெரிய நன்மை கிடைப்பதில்லை. இன்சுலின் போடாத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் 450 பேரைக் கொண்டு அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், தினமும் ஒரு முறை பார்த்தவர்களுக்கும் வீட்டில் பார்க்காமலே இருந்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெட்ஃபார்மின் தனியாகக் கொடுக்கப்படும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது மிக அரிது என்பதால், அடிக்கடி பார்க்க வேண்டிய அவசரமும் அவருக்கு இல்லை.

உங்கள் நிலை இரண்டு மாதங்களுக்கு முன் மாறிவிட்டது. கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. இரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்கும் வேளையிலும் அந்தத் தூண்டுதல் தொடரும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ, வழக்கத்தைவிட அதிகமாக நடந்தாலோ, சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தாலோ, சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, அடங்காத பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அது எந்த நேரமானாலும், உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மீண்டும் குடிக்க வேண்டும். மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் முதலில் குடித்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டும் பழக்கம் இருந்தால், கிளம்புவதற்கு முன்னும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த செய்திக்கு வருகிறேன். எச்பிஏ1சி 8.1 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 186 மில்லிகிராம் என்று பொருள். காலை அளவோ 130ஐத் தாண்டவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், நீங்கள் பார்க்காத நேரங்களில் சர்க்கரை 186ஐவிடக் கணிசமாக உயர்ந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் உணவுக்குப் பிந்தைய நேரம்தான். நாள்தோறும் தவறாமல் பார்த்தும் ஒரே வேளையில் பார்த்து வந்ததால், உயர்வு உங்கள் கண்ணில் படவே இல்லை. இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. எந்த வேளையில் பார்க்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொரு சாத்தியமும் உண்டு: இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை எச்பிஏ1சி அளவை உள்ளதைவிடச் சற்று உயர்த்திக் காட்டலாம். ஹீமோகுளோபின் பார்த்து நாளாகியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆகவே உங்கள் மகள் சொல்வதுபோல் நாளைக்கு நான்கு முறை தேவையில்லை. அதே குத்தல்களை வேளை மாற்றிப் பயன்படுத்தினால் போதும். வாரத்தில் மூன்று நாட்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் காலை உணவு, ஒரு நாள் மதிய உணவு, ஒரு நாள் இரவு உணவு என்று வைத்துக்கொண்டு, அந்த உணவுக்குச் சற்று முன்பும், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். காலை உணவுக்கு முன் பார்ப்பதே வெறும் வயிற்று அளவாகவும் அமைந்துவிடும். வாரத்துக்கு ஆறு குத்தல்தான். இப்போது குத்துவதைவிட ஒன்று குறைவு. பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180க்குக் குறைவாகவும் இருப்பது இலக்கு. வேறு நோய்கள் இருந்தால் மருத்துவர் உங்களுக்கென்று வேறு இலக்கு சொல்லக்கூடும். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஓர் உணவு 60, 70 மில்லிகிராம் ஏற்றுகிறது என்று தெரிந்தால், அடுத்த வாரம் அதில் மாவுச்சத்தைக் குறைத்தோ, சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தோ மறுபடி பார்க்கலாம். அளவு கட்டுக்குள் வந்த பிறகு இதையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரையின் அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

காய்ச்சலோ தொற்றோ வந்தால், அல்லது வேறு நோய்க்கு ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால், அந்த நாட்களில் மட்டும் மகள் சொல்லும் நான்கு முறை நியாயமானது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கணக்கு வேறு: இரவில் ஒரு ஊசி மட்டும் என்றால் தினமும் காலையில் பார்ப்பது அவசியம், ஒவ்வொரு வேளை உணவுக்கும் ஊசி என்றால் உணவுக்கு முன்பும் படுக்கும் முன்பும் பார்த்தாக வேண்டும்.

விரல் வலிக்குக் காரணம் பெரும்பாலும் குத்தும் இடம். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், விரலை மாற்றிக்கொண்டே இருங்கள், ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்தால் இரத்தம் எளிதாக வரும். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஒன்றிரண்டு எண் கூடிவிட்டதே என்று கலங்கவும் வேண்டாம். சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட மீட்டரே 15 சதவீதம் வரை கூட்டியோ குறைத்தோ காட்ட இடமுண்டு என்பதால், 130 என்பது 111ஆகவும் தெரியலாம், 149ஆகவும் தெரியலாம்.

புதிய மாத்திரை தொடங்கி மூன்று மாதம் நிறைய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. அப்போது எச்பிஏ1சி பரிசோதனையை மறுபடி செய்துகொண்டு, அதன் முடிவோடு இந்த நோட்டையும் மீட்டரையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இடையில் ஒரே ஒரு முறை 70க்குக் கீழே இறங்கினாலும், அந்த நாள் வரை காத்திருக்காமல் அன்றே அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.