அசைய மறுக்கும் ஆயில் ஃபில்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களின் கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. முக்கால்வாசியில் ஒரே புலம்பல்: ஃபில்டர் கழல மாட்டேன் என்கிறது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கையால் திருகினேன், துணி சுற்றித் திருகினேன், அசையவில்லை. ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன். வண்டி ஜாக்கில் நிற்கிறது. இனி என்ன செய்வது?

ஜாக்கில் நிற்கிறதா, ஸ்டாண்டில் நிற்கிறதா? ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். அது இல்லாமல் கீழே தலையை நீட்டியவர், மீதியைப் படிக்குமுன் போய் அதை வைத்துவிட்டு வரவும்.

அடுத்தது வரிசை. ஃபில்டரைக் கால் சுற்றாவது தளர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். கொஞ்சம் ஆயில் ஒழுகும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் வரவே இல்லையென்றாலும் ஆயில் உள்ளேயே இருப்பதால் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள்.

சரி, இப்போது வழி. ஃபில்டர் மேலுள்ள எண்ணெய்ப் பசையைச் சுத்தமாகத் துடையுங்கள். சொரசொரப்பான உப்புத்தாளை, சொரசொரப்பு ஃபில்டரைப் பார்க்கும்படி சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வந்துவிடும். வராவிட்டால், ஃபில்டரின் மூடிய முனையில் தொப்பி மாதிரி மாட்டுகிற, அளவு பொருந்துகிற கப் ரென்ச். அதுவும் இல்லையென்றால் ஃபில்டர் டப்பாவைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ரென்ச் அல்லது செயின் ரென்ச். அதை டப்பாவின் நடுவில் மாட்டாதீர்கள், நசுங்கும். எஞ்சினை ஒட்டிய அடிப்பக்கம்தான் கெட்டி.

எதற்கும் வரவில்லையா? ட்ரெயின் போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்றுங்கள். பழைய ஃபில்டர் அப்படியே இருக்கட்டும், ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போங்கள். உள்ளே தேங்கிய 300, 400 மில்லி பழைய ஆயில் புதிதோடு கலப்பதால் குடி முழுகாது. ஆயிலே ஊற்றாமல் "பக்கத்தில்தானே" என்று ஸ்டார்ட் செய்தால் முழுகும்.

கேள்வி: எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஃபில்டரின் மூடிய முனையைப் பார்த்தபடி, இடப்பக்கம். பாட்டில் மூடியைத் திறக்கிற அதே திசை. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ கையை விடும்போது கணக்கு மாறிப் போகும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கியவர்களின் கடிதம் இந்தக் கட்டிலேயே இரண்டு இருக்கிறது.

கேள்வி: துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு மணி நேரம் ஊறவைக்கலாமா?

வேண்டாம். ஒட்டிக்கொண்டிருப்பது ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ரிங், துரு அல்ல. ஸ்ப்ரே டப்பாவை வழுக்க வைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கப் ரென்ச் வாங்கினேன். சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. ரென்ச் மட்டமா?

என்ன வண்டி, என்ன ஃபில்டர், என்ன அளவு ரென்ச், ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. கப் ரென்ச்சில் இரண்டு எண் இருக்கும்: குறுக்களவு, உள்விளிம்பைச் சுற்றியுள்ள பட்டைகளின் எண்ணிக்கை. 74 மில்லிமீட்டர், 14 பட்டை என்றால் அது அந்த ஃபில்டருக்கு மட்டும். 76 வாங்கி 74-இல் மாட்டினால் சுற்றத்தான் செய்யும், பட்டையும் மழுங்கிவிடும். புது ஃபில்டரைக் கையில் எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பினேன். டப்பா கிழிந்து கையோடு வந்துவிட்டது. அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கிறது.

அந்தத் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கிழியாமல் என்ன செய்யும்? பயப்பட வேண்டாம், இதற்கும் வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் காகித மடிப்பு, நடுக்குழாய், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பிய்த்து எடுங்கள். மிஞ்சுவது கெட்டியான வட்டத் தட்டு. நடுவில் மரை, சுற்றிலும் ஆயில் நுழையும் சிறு ஓட்டைகள். எதிரெதிர் ஓட்டைகளில் கெட்டியான மூக்குக் குறடின் இரு முனைகளையும் விட்டுத் திருப்பிப் பாருங்கள். நகராவிட்டால் தட்டின் வெளி விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சின்னச் சின்னத் தட்டு. ஒரே இடத்தில் அடிக்காமல் இடம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். உளி, ரிங் உட்காரும் எஞ்சினின் வழவழப்பான முகத்தைக் கீறினால் அப்புறம் எந்த ஃபில்டரும் அங்கே கசியும். தட்டு கழன்றதும் அதோடு நடு ஸ்டட்டும், அதாவது ஃபில்டர் முடுக்கும் மரைக் கம்பியும், வந்துவிட்டதா பாருங்கள். வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதைத் திரும்ப எஞ்சினில் முடுக்கினால்தான் புதிய ஃபில்டர் நிற்கும்.

கேள்வி: லீக் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் ரென்ச் போட்டு நன்றாக இறுக்குகிறேன். அடுத்த முறை கழற்ற உயிர் போகிறது. ஃபில்டர் கம்பெனியை மாற்றலாமா?

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். கம்பெனியை விடுங்கள், மாற வேண்டியது உங்கள் கை. இந்தப் பக்கத்தில் புலம்புகிற அத்தனை பேரின் ஃபில்டரையும் யாரோ ஒருவர் போன முறை ரென்ச்சால் இறுக்கியிருக்கிறார். பல பேருக்கு அந்த யாரோ அவர்களேதான்.

ஆயிலைத் தடுப்பது உங்கள் பலம் அல்ல. ஓடும் எஞ்சினில் 3, 4 பார் அழுத்தம் இருக்கும். அதைத் தாங்குவது ரப்பர் ரிங் அளவாக அமுங்கி உட்காருவதுதான். அளவுக்கு மேல் நசுக்கினால் அது தட்டையாகி, பிதுங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூட்டில் வெந்து, எஞ்சின் முகத்தோடு ஒன்றிப் போகிறது. இறுகிய ஃபில்டரைக் கழற்றி அந்த ரிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். புது ரிங்கில் நகம் பதியும், இதில் பிளாஸ்டிக் வளையத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். சில சமயம் ரிங் கிழிந்து, இறுக்கியதாலேயே லீக்கும் வரும்.

எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். புது ரிங்கில் ஒரு விரல் ஆயிலைத் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் சுற்றும்போது முகத்தைப் பற்றிச் சுருளும். கையால் சுற்றிக்கொண்டே போங்கள், ரிங் தொட்டதும் கைக்குத் தெரியும். அந்த இடத்தில் டப்பாவில் பேனாவால் ஒரு கோடு. அங்கிருந்து முக்கால் சுற்று. உங்கள் ஃபில்டர் பெட்டியில் வேறு கணக்கு அச்சிட்டிருந்தால் அதன்படி. வெறும் கையால். ரென்ச் கழற்றுவதற்கு வாங்கிய சாமான், மாட்டும்போது அது பெட்டியிலேயே தூங்கட்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் வேலை முடிந்தது. "எதற்கும் இன்னும் கொஞ்சம்" என்று கை பரபரக்கும். அந்தக் கையைத்தான் அடக்க வேண்டும்.

கேள்வி: முக்கால் சுற்றுதான் முடுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அருவியாகக் கொட்டியது.

பழைய ஃபில்டரில் ரிங் இருந்ததா? தேடிப் பாருங்கள், இருக்காது. அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் புது ரிங்கை மாட்டியிருப்பீர்கள். கறுப்பின் மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. நானும் ஆரம்ப காலத்தில் இதைச் செய்து, புத்தம்புது ஆயிலைத் தரைக்கு ஊட்டியவன்தான். அன்றிலிருந்து, கழற்றியதும் எஞ்சின் முகத்தை ஒரு சுற்று நகத்தால் தடவிப் பார்க்காமல் புது ஃபில்டரைக் கையில் எடுப்பதில்லை.

கேள்வி: என் வண்டியில் டப்பா இல்லை. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும். மூடி இறுகிவிட்டது.

குத்துவது, உளி வைப்பது எதுவும் இங்கே ஆகாது, மூடி விரிசல் விட்டுவிடும். சரியான அளவு கப், நீளமான கைப்பிடி, நிதானமான இழுப்பு. மாட்டும்போது புது ஓ-ரிங் கட்டாயம், ஆயில் தடவி. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பல மூடிகளின் தலையிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர் இரவல் வாங்கவும்.

கேள்வி: எஞ்சின் சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா?

வெதுவெதுப்பாக. சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கை வைக்கும் சூட்டுக்கு ஆறியதும். சைலன்சர் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைவிட அதுதான் அதிகம் பேரைச் சுட்டிருக்கிறது.

கேள்வி: பழைய ஃபில்டரைக் குப்பையில் போடலாமா?

கூடாது. வாய் கீழே பார்க்க ஒரு நாள் கவிழ்த்து வடியவிட்டு, பழைய ஆயிலோடு சேர்த்து, அதைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: அவசரம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். பெல்ட் ரென்ச் வழுக்குகிறது.

உப்புத்தாளைப் பெல்ட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவில் வையுங்கள். அதற்கு முன், ஸ்டாண்டு இருக்கிறதா?